சவுண்டல் தழையும் ஆடுகளின் தைராய்டுக் குறைவும்

உழவும் உரமும் கேளாமல் வேலியோரத்தில் வளர்ந்து, கோடையிலும் பசுந்தழை தரும் சவுண்டலின் அருமையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், இனாமாய்க் கிடைக்கிறதென்று அதையே மாதக்கணக்கில் போட்டுவரும் சில மந்தைகளில் ரோமம் உதிர்தல், தீனியில் வெறுப்பு, கழுத்தின் முன்புறம் வீக்கம், எடை குறைந்த குட்டிகள் பிறத்தல் முதலியன காணப்படும். இதனைக் கண்ணேறு என்பாரும், கிடாவின் தோஷம் என்பாரும் உளர். குற்றம் உண்மையில் தைராய்டு என்னும் சுரப்பியின் வேலை குன்றியதேயாம்.

மூச்சுக்குழலை ஒட்டியுள்ள இச்சுரப்பி, தீவனத்திலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்னும் ரஸத்தை ஆக்குகின்றது. ஆகாரத்தை உஷ்ணமாகவும் சக்தியாகவும் மாற்றும் என்ஸைம்கள் பலவற்றிற்கு அதுவே தூண்டுகோல். அது குறைந்தால், இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் கல்லீரல் வாங்கிக்கொள்வது குறைகின்றது. கொழுப்பைப் பகுத்துத் தசைகளுக்கு வழங்கும் லைபேஸ் என்ஸைமும் சோர்வடைகின்றது. அடுப்பு மந்தமாயெரிந்தால் விறகு குவிவதுபோல், ஆடு மெலிந்திருக்கும்போதே இரத்தத்தில் கொழுப்பு ஏறக்கூடும்.

அயோடின் குறைந்த மண்ணால் வரும் கழலைக்கு அயோடின் கலந்த உப்புக் கொடுத்தல் தக்க பரிகாரம். சவுண்டலால் வருவதற்கு அது போதாது. அத்தழையிலுள்ள மைமோசின் என்னும் பொருள் ஆட்டின் முதல் வயிற்றில் டி.எச்.பி. என்னும் வேறொரு நஞ்சாக மாறி, அயோடினைச் சுரப்பியிற் சேர்த்துக் கட்டும் என்ஸைமையே தடுத்துவிடுகின்றது. அயோடின் இருந்தும் பயன்படாது. ஆகவே தழையைத்தான் குறைக்க வேண்டும்.

“அடுத்த வீட்டு மந்தை இதையே தின்று நன்றாயிருக்கிறதே” என்று கேட்கலாம். ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கு இத்தழை தீங்கு செய்யாமையைக் கண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் வயிற்றில் அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருப்பதை அறிந்தார். 1980-களில் அது ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தப்பட்டுப் பலனளித்தது. 1992-இல் அவர் பெயரையொட்டி ‘சினர்ஜிஸ்டிஸ் ஜோன்ஸியை’ எனப் பெயரிடப்பட்டது. நம் நாட்டு ஆடுகள் சிலவற்றிலும் இத்தகைய நுண்ணுயிர் உண்டு. எல்லாவற்றிலும் உண்டென்று நம்பிவிடலாகாது.

எனவே பசுந்தீவனத்தில் சவுண்டல் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாமல், புல், சோளத்தட்டை முதலியவற்றுடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குதல் சிலாக்கியம். சினையாடுகளுக்கு இன்னும் குறைக்கலாம். அசைபோடாத குதிரை, பன்றி, முயல்களுக்கு மிகச் சொற்பமே போடத்தக்கது. கழுத்து வீக்கம் கண்டால் தழையை உடனே நிறுத்திக் கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச்செல்க. ஒரே ஊரில் பல மந்தைகளில் இக்குறி தோன்றினால், கிராம உத்தியோகஸ்தர்கள் தாமதியாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்களாக.