கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கேட்கும் காலம் இது. எதற்கு இந்தப் பணம் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. கேட்டாலும் விளங்காது என்று விட்டுவிடுகிறோம். கைமாற்று வாங்கியாவது கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

ப்ராஜெக்ட் என்றால் நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு ஒரு கருவியையோ மென்பொருளையோ செய்து, சோதித்துப் பார்த்து, அறிக்கை எழுதி, தேர்வாளர் முன் நின்று பதில் சொல்வது. மூன்று நான்கு வருடம் படித்தது கைக்கு வந்ததா என்று காட்டும் இடம் அதுதான்.

அப்துல் கலாம் அவர்கள் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இது நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த கதை. அங்கே அவர் செய்த ப்ராஜெக்ட் எப்படி நடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை ஐந்து மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பு கலாமுடையது. இயந்திர உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் பிரித்துக்கொண்டனர். யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பமே இல்லை.

வேலை மந்தமாக இருப்பதைப் பார்த்த பேராசிரியர் ஸ்ரீனிவாசன் கடிந்துகொண்டார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் தொடங்கி, திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். அக்காவின் நகை அடகில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! இரவுச் சாப்பாட்டை விட்டு வரைபலகையிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் உடையோடு வந்து எட்டிப் பார்த்த அதே பேராசிரியர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். விடுமுறை நாளில் மாணவனின் மேசையருகே வந்து நிற்கும் வழிகாட்டி அமைவது பெரிய பாக்கியம். பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது: உன் வழிகாட்டி ஆசிரியர் யார், கடைசியாக எப்போது உன் வேலையைப் பார்த்தார்?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கசப்பானது. நீயே செய்கிறாயா, வாங்குகிறாயா? செய்து முடித்த ப்ராஜெக்ட்டையும் அச்சடித்த அறிக்கையையும் சேர்த்து விற்கும் கடைகள் நகரங்களில் உண்டு. ஒரே கருவி பல கல்லூரிகளுக்குப் போகிறது. மதிப்பெண் கிடைக்கலாம். வேலைக்கான நேர்காணலில் "இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தாய்" என்று ஒருவர் கேட்டால் பிள்ளை வாயடைத்து நிற்கும். மார்க்கப்படியும் அது பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்வது, விளக்கம் தேவையில்லை. மதரஸாவில் ஒரு ஹதீஸைச் சொல்லும் முன் அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லப் பழகுகிறோம். அறிக்கையின் கடைசியில் மேற்கோள் நூல்களை எழுதச் சொல்வதும் அதே ஒழுங்குதான்.

பெரிய ப்ராஜெக்ட்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2007இல் தொடங்கிய 'பிரதம்' செயற்கைக்கோள் 2016 செப்டம்பரில்தான் விண்ணுக்குப் போனது. தொடங்கியவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். குறிப்பேடு எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் இது நடக்காது. அதற்கு முன்பே, 2009 ஏப்ரல் 20இல், அண்ணா பல்கலைக்கழகம் செய்த 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' பறந்தது. கலாம் படித்த அதே எம்.ஐ.டி. வளாகத்தில் உருவானது அது. குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 'நியுசாட்' 2017 ஜூன் 23இல் ஏவப்பட்டது. பயிர்களைக் கண்காணிக்கவும் பேரிடர் காலத்தில் உதவவும் அது படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது.

எல்லோரும் செயற்கைக்கோள் செய்ய வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் விளையும் சாமைக்கு உமி நீக்குவது இன்றும் கடினமான வேலை. மணி சிறியது, உமி கெட்டியானது. மலைக் கிராமத்துப் பெண்கள் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறு இயந்திரத்தை நம் பிள்ளைகள் செய்தால், தேர்வு முடிந்தபின் அது பழைய இரும்புக்குப் போகாது. கீழே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலின் கழிவுநீர் இருக்கிறது. தலைப்பு தேடி வெளியே அலைய வேண்டாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும். துறைத்தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வெளியிடுவது. பணம் கட்டினால் சில நாளில் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழும் தரும் 'சர்வதேச ஆய்விதழ்கள்' மாணவர்களைத் தேடி வருகின்றன. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று பிள்ளைகள் காட்டுவார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண். தரத்துக்குச் சாட்சி ஆகாது. கட்டுரையைத் துறை அறிந்தவர்கள் படித்துத் திருத்தம் கேட்டார்களா என்று பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டால் பணத்தைக் கட்டாதீர்கள். செய்ததில் உண்மையான புதுமை இருந்தால், வெளியிடும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முந்திக்கொண்டு வெளியிட்டால் அந்த உரிமை கைவிட்டுப் போகலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுத்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். 2021 விதித் திருத்தத்தின்படி கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. உழைத்த மாணவர் எல்லோருடைய பெயரும் கட்டுரையில் இருக்கிறதா என்பதையும் அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

தமிழிலும் எழுதலாம். விமான வடிவமைப்பு முடியும் தறுவாயில், எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலாம் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே செய்வோம் என்பது அவர் எடுத்த பொருள். எழுதியது தமிழில். முதல் பரிசை ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் பெற்றார்.

நம் அறக்கட்டளையின் உதவித்தொகை பெறும் கடைசி ஆண்டு மாணவ மாணவியரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அறிக்கையின் ஒரு பிரதியும், என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்று தமிழில் இரண்டு பக்கமும் அலுவலகத்தில் தாருங்கள். பிரதி நம் நூலகத்தில் இருக்கும். அடுத்த வருடம் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் எடுத்துப் பார்க்கலாம். அந்த இரண்டு பக்கத்தை, இன்ஷா அல்லாஹ், எழுதியவர் பெயரோடு இதே மடலில் வெளியிடுவோம்.