பாடம் 9: செம்பி ஏன் முட்டை போடவில்லை?

உங்கள் வீட்டுப் பின்வளவில் கறுப்பி, வெள்ளச்சி என்று இரண்டு கோழிகள் இருக்கின்றன. போன சனிக்கிழமை செம்பி என்ற புதிய கோழி வந்தது. முதல் இரண்டு நாள் முட்டை போட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை!

"இது முட்டை போடாத கோழி போல. திருப்பிக் குடுத்திடலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் முட்டையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதில் ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் வேண்டும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே? அதனால் நல்ல கோழியும் இடையிடையே ஒரு நாள் முட்டை போடாது. அது இயல்பு.

ஆனால் பல நாள் முட்டை இல்லை என்றால், கோழிக்கு ஏதோ கஷ்டம் இருக்கலாம். நாம் 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்கிறோமே, அதற்குத் தமிழில் மன அழுத்தம் என்று பெயர். அது கோழிக்கும் வரும். அப்போது அதன் உடம்பு, "முதலில் உயிரோட இருக்கணும், முட்டை அப்புறம்" என்பதுபோல் நடந்துகொள்ளும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும்.

கோழிக்கு எதனால் மன அழுத்தம் வரும்?

வெயில்: மெல்பர்னில் கோடையில் சில நாள் 40 பாகை வரை வெயில் அடிக்கும். கோழிக்கு வியர்க்காது. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இறக்கைகளை விரித்து வைக்கும். தீனியைக் குறைத்துக்கொள்ளும். முட்டை ஓடும் மெல்லியதாகிவிடும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள்.

பயம்: இரவில் நரி வந்து கூண்டைச் சுற்றினாலே போதும். கோழி பயந்துவிடும். பொழுது சாய்ந்ததும் கூண்டை நன்றாகப் பூட்டுங்கள்.

சண்டை: கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை உண்டு. புதிய கோழி வந்தால் மற்றவை அதைக் கொத்தும், தீனி தின்ன விடாது. இரண்டு தட்டுகளில், தள்ளித் தள்ளித் தீனி வையுங்கள்.

முட்டை நின்றாலே மன அழுத்தம் என்று நினைக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் கோழிகள் பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்க்கும். அப்போது முட்டை நிற்கும். குளிர்காலத்தில் பகல் குறைவு. அதனாலும் முட்டை குறையும்.

அப்படியானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கணினி நிரல் திடீரென்று வேலை செய்யாவிட்டால், "நேத்து என்ன மாத்தினோம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, முட்டை எத்தனை, வெயில் எப்படி, அன்று என்ன நடந்தது என்று தினமும் எழுதுங்கள்.

செம்பிக்கு என்ன மாறியது? வீடு மாறியது. கூட்டாளிகள் மாறினார்கள். தட்டுக்குப் பக்கத்தில் போனாலே கறுப்பி கொத்துகிறது. பாவம், செம்பி! அதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். கோழி தன் நோயை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் மற்றவை கொத்தும், நரியும் அதைத்தான் பிடிக்கும். ஆகவே கோழி மூலையில் ஒடுங்கி நின்றால், வால் தொங்கினால், கொண்டை வெளிறினால் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

புதிய சொற்கள்
பின்வளவு – வீட்டுக்குப் பின்னால் உள்ள இடம்
தீனி – கோழி, ஆடு, மாடு தின்னும் உணவு
கொண்டை – கோழியின் தலைமேல் உள்ள சிவப்புச் சதை
வெளிறுதல் – நிறம் மங்குதல்

பேசுவோம், எழுதுவோம்
1. நல்ல கோழியும் ஏன் தினமும் முட்டை போடுவதில்லை?
2. "திருப்பிக் குடுத்திடலாமா?" இதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
3. புதிய வகுப்பில் முதல் வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது? அப்போது யார் உதவினார்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.