நத்தை மேல் அம்பேத்கர்: கருத்துப்படம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906-ல் சென்னையில் தொடங்கியது. தமிழில் அரசியல் கருத்துப்படம் வேர்விட்டது அங்கேதான். படத்தை மட்டும் போட்டுவிட்டு விடமாட்டார்கள். இந்த உருவம் யார், இந்த மிருகம் எதைக் குறிக்கிறது என்று விளக்கமும் கூடவே அச்சாகும். அந்தப் படங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி தனி நூலாகவே தொகுத்திருக்கிறார். அதைப் புரட்டும்போது, விளக்கம் இல்லையென்றால் பல படங்கள் இன்று நமக்குப் பிடிபடாது என்பது தெரியும்.

இப்போது யாரும் விளக்கம் போடுவதில்லை. அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. நாமோ மூன்று விநாடி பார்த்துவிட்டுச் சிரிக்கிறோம், இல்லாவிட்டால் கொதித்துப்போய் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது எப்படி என்று ஒரே ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழகலாம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949 ஆகஸ்டில் வரைந்த நத்தைப் படம் அது.

படி 1: கட்டைவிரலால் எழுத்தை மூடுங்கள்

நம் கண் முதலில் வசனத்துக்குத்தான் ஓடும். அதைத் தடுக்க வேண்டும். எழுத்து இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, படத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அர்த்தம் சொல்லக் கூடாது.

சங்கர் படத்தில் ஒரு பெரிய நத்தை. அதன் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் சாட்டை. பின்னால் இன்னொருவர் நிற்கிறார். அவரும் சாட்டையை ஓங்கியிருக்கிறார். பின்னணியில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். அவ்வளவுதான். 'ஒருவர் இன்னொருவரை அடிக்கிறார்' என்று இந்தக் கட்டத்தில் சொன்னால், அது நீங்கள் சேர்த்துக்கொண்டது. இதைக் கவனித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: ஆள் யார்?

முகத்தை வைத்துத் தேடாதீர்கள், அடையாளத்தைத் தேடுங்கள். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் என்றால் எம்.ஜி.ஆர். கறுப்புக் கண்ணாடியோடு தோளில் மஞ்சள் துண்டு என்றால் கலைஞர். முன்தலையில் ஒரு கீற்று நரையும் நீண்ட மூக்கும் போதும், இந்திரா காந்தி வந்துவிடுவார். யாருடைய சாயலும் இல்லாமல் கட்டம் போட்ட கோட்டோடு ஒரு கிழவர் ஓரமாக நின்றால் அவர் ஆர்.கே.லட்சுமணின் சாமானியர். 1951-லிருந்து ஒரு வார்த்தை பேசாமல் நாட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

இப்போது விரலை எடுங்கள். நத்தையின் ஓட்டில் 'அரசியல் சாசனம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மேலே இருப்பவர் அம்பேத்கர், பின்னால் நிற்பவர் நேரு. 'நத்தை வேகம்' என்பது நமக்கும் பழகிய பேச்சு என்பதால் உருவகத்தில் சிக்கல் இல்லை.

வசனம் எப்போதும் இப்படிப் படத்துக்கு ஒத்து ஊதாது. டேவிட் லோ 1939 செப்டம்பர் 20 அன்று லண்டன் பத்திரிகையில் வரைந்த படத்தில் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் போடுகிறார்கள். வாயிலிருந்து வருவதோ வசவு. நடுவில் ஒரு பிணம்: போலந்து. சோவியத் படை போலந்துக்குள் நுழைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு மரியாதை காட்ட, வாய் திட்டுகிறதே, அந்த இடைவெளிக்குள்தான் லோ சொல்லவந்த விஷயம் இருக்கிறது. படமும் பேச்சும் முரண்பட்டால் அங்கே நின்று பாருங்கள்.

படி 3: தேதியைப் பாருங்கள்

தேதி தெரியாமல் கார்ட்டூன் பார்ப்பது, முதல் பாதியைத் தவறவிட்டுவிட்டு இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் நுழைவது போல. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ல் கூடியது. சங்கர் வரையும்போது இரண்டரை வருஷம் தாண்டிவிட்டது. சாசனம் இன்னும் முடிந்தபாடில்லை. 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்பது அன்றைய பேச்சு. அந்தப் பேச்சைத்தான் அவர் வரைந்தார்.

படி 4: எது ஊதிப் பெருக்கப்பட்டிருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது?

மூக்கு பெரிதாக இருப்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அபு ஆபிரகாம் வரைந்த படம் இதற்கு நல்ல பாடம். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் கிடந்தபடி, கையெழுத்துப் போட்ட அவசரச் சட்டத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டுகிறார். இன்னும் ஏதாவது இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு என்கிறார்.

முகத்தில் பெரிய கோணல் எதுவும் இல்லை. மேஜையில் நடக்க வேண்டிய காரியம் குளியலறைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். மனுஷன் குளித்து முடிக்கும்வரைகூட அரசாங்கத்துக்குப் பொறுமை இல்லை. அவருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பத்திரிகைத் தணிக்கை இருந்த நாட்களில் இந்தப் படம் வெளிவந்தது. என் கணக்கில் இந்திய அரசியல் கார்ட்டூன்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

படி 5: குற்றச்சாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கார்ட்டூனிஸ்ட் யாரையோ குற்றம் சாட்டுகிறார். அந்தக் குற்றச்சாட்டை ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் படம் புரிந்துவிட்டது. நத்தைப் படத்துக்கு: 'சாசனம் எழுதும் வேலை ஊர்ந்துகொண்டிருக்கிறது, பொறுப்பில் இருப்பவர்கள் எவ்வளவு விரட்டியும் நகரவில்லை.'

எழுதியாயிற்றா? இனி எதிர்த்தரப்பு. படத்துக்குள் அவர்களுக்கு இடம் கிடையாது என்பதால் நாம்தான் வெளியே தேடிப் போக வேண்டும். இந்தத் தாமதப் புகாருக்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று சபையில் கணக்கோடு பதில் சொன்னார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. ஆஸ்திரேலியா தன் சாசனத்துக்கு ஒன்பது ஆண்டு எடுத்துக்கொண்டதையும் எடுத்துக்காட்டினார். அந்த எண்களைப் பார்த்த பிறகு நத்தை மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வருகிறது. சங்கரின் கோடு கெட்டிக்காரக் கோடுதான். நியாயம் அம்பேத்கர் பக்கம் என்றே எனக்குப் படுகிறது.

படி 6: உங்கள் பக்கத்தில் இருப்பவர் என்ன பார்க்கிறார்?

வழிகாட்டிகள் பெரும்பாலும் படி 5-லேயே முடிந்துவிடும். அது போதாது. இதே படம் பிற்பாடு 11-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இடம்பெற்றது. ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று மாணவர்களை யோசிக்கச் சொல்லும் நல்ல நோக்கம்தான். 2012 மே மாதம் தொல்.திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அவை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். பாடநூலின் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் சூறையாடப்பட்டது.

படி 1-க்குத் திரும்புங்கள். சாட்டை யார் மேல் விழப்போகிறது? நத்தை மேல் என்றுதான் தேதி சொல்கிறது. ஆனால் பின்னால் நிற்பவர் சாட்டையை ஓங்க, முன்னால் தலித் தலைவர் உட்கார்ந்திருக்கும் காட்சியை, தலைமுறை தலைமுறையாகச் சாட்டையின் கதை கேட்டு வளர்ந்த ஒரு மாணவர் வகுப்பறையில் பார்க்கும்போது, அவருக்கு நத்தை தெரியாமல் போவதில் ஆச்சரியம் என்ன? 1949-ன் அர்த்தத்தைக் காட்டி அவர் வாயை அடைக்கப் பார்ப்பது சரியில்லை. அந்த வலியைக் காட்டி அலுவலகத்தை உடைப்பதும் சரியில்லை. சங்கர் நினைத்தது ஒன்று, கோடு காட்டுவது இன்னொன்று, பார்ப்பவர் கொண்டுவருவது மற்றொன்று. மூன்றையும் தனித்தனியே எழுதிப் பழகுங்கள்.

படி 7: ஆளே இல்லாத படம்

கடைசியாக ஒரு விதிவிலக்கு. படி 2-ல் சொன்ன அடையாளம் எதுவுமே கிடைக்காத படங்களும் உண்டு. அப்போது ஒரு தனிமனிதரைத் தேடாதீர்கள். அது ஒரு வர்க்கத்தைப் பற்றிய படம். 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஜோக் அப்படிப்பட்டது. மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் மந்திரி என்கிறார் மற்றவர். எந்தப் பெயரும் இல்லை, எவருடைய சாயலும் இல்லை.

தமிழகச் சட்டமன்றம் அதைத் தன் உரிமையை மீறிய செயலாகப் பார்த்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, இழப்பீடாக 1,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.