மாறும் நீரும் தூண்டிற் கருவியும்: மாசீர் மீன் குறித்த ஒரு பாடம்

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது வாகட். இவ்வூரைக் கடந்து செல்லும் முளா, நகரின் நடுவே முட்டா ஆற்றுடன் கூடி முளா-முட்டா என்னும் பெயருடன் கிழக்கே ஓடிப் பீமாவில் கலக்கின்றது. பீமா கிருஷ்ணாவை அடைகின்றது. தக்காணத்து மீன்களை ஆராய்ந்த சைக்ஸ் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, 1839ஆம் ஆண்டில் ஒரு பெருங்கெண்டையை முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி விவரித்தார். அம்மீன் கிடைத்த இடமாக அவர் குறித்தது இந்த முளா-முட்டா ஆறேயாகும். டோர் குட்ரீ என்று விஞ்ஞானிகளும், தக்காண மாசீர் என்றும் நீலத்துடுப்பு மாசீர் என்றும் பிறரும் வழங்குவது இம்மீனையே.

போலி இரை கொண்டு தூண்டில் வீசுவோர் இந்தியாவில் பெரிதும் நாடுவது மாசீர் இனத்தையே. அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனுக்கு உள்ள இடம் இங்கே மாசீருக்கு உண்டு. இரண்டிற்கும் பொதுவான அடிப்படை ஒன்றே: நீரின் நிலை மாறுந்தோறும் கருவியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மாற்றம் மீன் அகப்படுவதற்கு மட்டும் உதவுவதன்று. அகப்பட்ட மீன் திரும்ப விடப்பட்டபின் பிழைக்குமா என்பதையும் அதுவே பெரும்பாலும் முடிவு செய்கின்றது. களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ள வேண்டிய இயற்பியலும் உயிரியலும் இதில் அடங்கியுள்ளன.

மீனின் இயல்பு

மாசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாடைகளில் பற்கள் இல்லை. தொண்டையினுள் உள்ள வலிய பற்களால் நத்தை, நண்டு முதலியவற்றை நொறுக்கி உண்ணும். ஆற்றில் விழும் பழங்களையும் சிறு மீன்களையும் உட்கொள்ளும். இவ்வாறு பலவகை இரை உண்ணும் இயல்பினால்தான் கரையோரத்து அத்திப்பழத்தை விழுங்கும் அதே மீன், மின்னி அசையும் உலோகத் தகட்டையும் பாய்ந்து கவ்வுகின்றது.

சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய நூலில் மாசீரின் வலிமையை விரிவாக எடுத்துரைத்தார். மென்மையான தூண்டில்முட்களை இம்மீன் நெரித்துச் சிதைத்துவிடும் என்பது அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. ஆகவே முள்ளும் அதனை இணைக்கும் வளையமும் உறுதியானவையாக இருத்தல் இன்றியமையாதது.

போலி இரை இயங்கும் விதம்

போலி இரைகளுள் மூன்று வகை பெருவழக்கில் உள்ளன. ஸ்பூன் என்பது கரண்டி போல் வளைந்த தகடு. இழுக்கும்போது இருபுறமும் மாறி மாறிச் சாயும். ஸ்பின்னர் என்பதில் சிறு தகடு ஒன்று கம்பியைச் சுற்றிச் சுழலும். பிளக் என்பது மீன் வடிவில் செய்த மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக்குத் துண்டு; அதன் முகத்தில் உள்ள சாய்ந்த இதழ் நீரால் தள்ளப்படுவதால் அது கீழ்நோக்கி மூழ்கும். சுழலும் இரையால் நரம்பு முறுக்கேறாதிருக்க, இரைக்கு முன்னால் ஒரு சுழல்வளையத்தைப் பொருத்துதல் நலம்.

இவை யாவும் நீருக்கும் இரைக்கும் இடையே உள்ள சார்புவேகத்தால் உயிர்பெறுகின்றன. ஆறு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். இரையை அதே வேகத்தில் எதிரோட்டமாக இழுத்தால், நீரைச் சார்ந்து அதன் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் ஆகும். ஓட்டத்தோடு சேர்த்து அதே வேகத்தில் இழுத்தால் சார்புவேகம் சுழியாகும். இரை அசைவின்றிச் சருகு போல் மிதந்து வரும். ஓட்டத்தின் திசையறியாமல் வீசுபவர் கைசளைக்க வீசியும் பயன் பெறாமைக்கு இதுவே காரணம்.

வேகம் இரு மடங்கானால் நீர் தரும் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகையால் வெள்ளம் மிகும்போது முன்னாள் பயன்படுத்திய மெல்லிய இரை நீரின் மேற்பரப்புக்குத் தள்ளப்படும். கனமான, குறுகிய வடிவமுடைய ஸ்பூன் அப்பொழுது ஆழத்தில் நிற்கும். நீர் வற்றி ஓட்டம் மந்தமாகும்போது, எளிதில் அசையும் இலேசான தகடே ஏற்றது.

கலங்கலும் தெளிவும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் தக்காணத்து ஆறுகள் சேற்று நிறம் கொள்கின்றன. கலங்கிய நீரில் மீனின் பார்வை குறுகிவிடுகின்றது. அப்பொழுது மீனுக்குத் துணையாவது உடலின் இருமருங்கிலும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு. நீரில் எழும் மெல்லிய அதிர்வை அது உணரும். எனவே கலங்கல் நீரில் அதிர்வு மிகுதியாக எழுப்பும் பெரிய ஸ்பின்னரை மெதுவாக இழுப்பது முறை. தெளிந்த நீரில் மீன் கண்ணால் ஆராய்ந்து அணுகுகின்றது. அங்கே சிறிய இரையும், மெல்லிய நரம்பும், கரையில் நிற்பவரின் நிழல் நீரில் விழாத கவனமும் தேவை.

மழைப்பருவம் மாசீர் முட்டையிடும் காலமுமாகும். அக்காலத்தில் கருவியைத் திருத்துவதைவிடக் கருவியை எடுத்துவைத்தலே சாலச் சிறந்தது.

நரம்பும் ரீலும்

மெல்லிய நரம்பு வேண்டுமா, தடித்த நரம்பு வேண்டுமா என்ற வினாவுக்குக் கணக்கே விடை தரும். நரம்பின் வலிமை அதன் விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்கின்றது; ஓடும் நீர் அதன்மேல் செலுத்தும் விசையோ விட்டத்தை மட்டும் ஒட்டி உயர்கின்றது. 0.30 மில்லிமீட்டர் நரம்புக்குப் பதிலாக 0.40 மில்லிமீட்டர் நரம்பைப் பூட்டினால் வலிமை ஏறத்தாழ 1.8 மடங்காகும், நீரின் விசை ஏறத்தாழ 1.3 மடங்கே ஆகும். பாறை மிகுந்த வேகநீரில் தடித்த நரம்பு ஏன் ஏற்றது என்பது இதனால் விளங்கும்.

நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் நலிவடையும். முடிச்சை உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் வெப்பத்தால் அவ்விடம் வலுவிழக்கும்; ஆகவே நனைத்தபின் இறுக்க வேண்டும். பாறையில் உரசிய நுனிப்பகுதியை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருப்பின் அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீண்டும் முடிச்சிட வேண்டும்.

ரீலில் உள்ள பிரேக்கு, மீன் பாயும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் அமைப்பாகும். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு விசைக்கு இதனை முடுக்கி வைப்பது பொதுவழக்கம். 8 கிலோ தாங்கும் நரம்பாயின் 2 கிலோ விசையில் அது நழுவ வேண்டும். ஆனால் நரம்பு வெளியே செல்லச் செல்லச் சுருளின் ஆரம் குறையும். 3 சென்டிமீட்டராக இருந்த ஆரம் 2 சென்டிமீட்டராகச் சுருங்கினால், அதே பிரேக்கில் நரம்பை இழுக்க 3 கிலோ விசை வேண்டும். தூண்டிற்கோலின் வளையங்களில் ஏற்படும் உராய்வும் இதனோடு சேரும். பெருமீன் நெடுந்தூரம் ஓடியபின் நரம்பு அறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. மீன் விலகிச் செல்லுந்தோறும் பிரேக்கைத் தளர்த்துதலே அறிவுடைமை. மேலும் முடுக்குதல் பிழை.

வெப்பமும் பிராணவாயுவும்

நீர் சூடேறுந்தோறும் அதில் கரையக்கூடிய பிராணவாயுவின் அளவு குறைகின்றது. கடல்மட்டத்தில், 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் கொள்ளும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் மட்டுமே கொள்ளும். வெப்ப நீரில் மீனின் பிராணவாயுத் தேவையோ உயர்கின்றது. தூண்டிலில் அகப்பட்டு நெடுநேரம் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கின்றது. அது தணியப் பிராணவாயு வேண்டும். கோடைக்கால நண்பகலில் அதுவே அரிதாக உள்ளது.

மெல்லிய நரம்பில் பெருமீனை அரைமணி நேரம் அலைக்கழித்துப் பிடிப்பதைச் சிலர் திறமை எனக் கருதுவர். வேனிற்காலத்தில் அது அம்மீனுக்குக் கூற்றாகலாம். நீந்திச் சென்றது கண்ணுக்குத் தெரியினும், பின்னர் அது இறந்துபோகக்கூடும். ஆகவே கோடையில் தடித்த நரம்பைப் பூட்டி, விரைவில் கரைசேர்த்து, எதிர்முள் நசுக்கப்பட்ட ஒற்றை முள்ளையே பயன்படுத்தி, மீனை நீரிலிருந்து வெளியே எடுக்காமலே முள்ளை நீக்குதல் வேண்டும். வெப்பமானி ஒன்று கருவிப்பெட்டியில் இருப்பது இன்னொரு ஸ்பூன் இருப்பதைவிடப் பயன் தரும்.

காவிரி கற்பித்தது

முளாவின் மீன் காவிரியின் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. லோனாவ்லாவுக்கு அருகில் உள்ள வல்வன் ஏரியை ஒட்டி, டாட்டா மின் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மாசீர்க் குஞ்சு வளர்ப்பை மேற்கொண்டது. சி. வி. குல்கர்னி முதலியோர் செயற்கை முறையில் கருவுறச் செய்யும் வழியை வகுத்தனர். கருவுற்ற முட்டைகளை ஈரப்பஞ்சில் வைத்து விமானத்தில் அனுப்பவும் இயலும் எனக் காட்டினர். குறைந்துவரும் மீனினத்தைப் பெருக்கும் நன்னோக்குடன் அங்கு வளர்ந்த நீலத்துடுப்பு மாசீர், 1970களின் பிற்பகுதியிலிருந்து காவிரியிலும் விடப்பட்டது.

ஆனால் காவிரிக்கென்றே உரிய மாசீர் வேறொன்று உண்டு. தலைக்குப் பின்னே திமில் போல் உயர்ந்த முதுகுடைய அது, திமில் மாசீர் எனப்படும். 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் இவ்வகையைச் சேர்ந்தது.

காவிரிக் கரையில் காளிபோரே முகாமில் தூண்டில் வீசியோர், 1998 முதல் 2012 வரை தாம் பிடித்து விட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாசீர்களைப் பற்றிக் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளை விஞ்ஞானிகள் பின்னர் ஆராய்ந்தனர். ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்துவந்தது. எண்ணிக்கையை மட்டும் நோக்கியவருக்கு ஆறு செழிப்பதாகவே தோன்றியிருக்கும். எடையையும் இனத்தையும் பிரித்து நோக்கியபோதுதான் உண்மை புலப்பட்டது: பெருகியவை நீலத்துடுப்பு மீன்கள், காவிரியின் திமில் மாசீர் அருகிக்கொண்டிருந்தது. 2018ஆம் ஆண்டில் அதன் விஞ்ஞானப் பெயர் டோர் ரேமாதேவி எனத் தெளிவாக்கப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது.

பிற நாடுகளிலும் இவ்வகை அனுபவம் உண்டு. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ் மீன் நாளடைவில் அந்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவிச் சிறு மீன்களை உண்டு குறைத்தது. 2005ஆம் ஆண்டு முதல் அதனை உயிருடன் வேறிடம் கொண்டுசெல்வதை ஜப்பானியச் சட்டம் தடுக்கின்றது.

குறிப்பேடும் களப்பயிற்சியும்

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. தூண்டிற்கோலும் நரம்பும் போலவே குறிப்பேடும் கருவிப்பெட்டிக்குரிய கருவியாகும். நாள், நேரம், நீரின் வெப்பம், தெளிவு, நீர்மட்டம், பயன்படுத்திய இரை, நரம்பின் தடிப்பு, வீசிய மணிநேரம், மீனின் நீளம், துடுப்பின் நிறம், முதுகின் வடிவம் ஆகியவற்றை ஒரே முறையில் பதிய வேண்டும். மீன் அகப்படாத நாளையும் விடாமல் பதிய வேண்டும்; அந்நாளை நீக்கிவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கருவியை மாற்றிய நாளைக் குறிக்காவிடில், பின்னர் ஆராய்பவர் கருவியால் நேர்ந்த மாறுதலை ஆற்றில் நேர்ந்த மாறுதலாக மயங்க நேரும்.

அனுமதியற்ற இடங்களிலும், காப்புப் பகுதிகளிலும் தூண்டில் வீசலாகாது. இந்திராயணிக் கரையில் உள்ள தேஹூ, துங்கைக் கரையில் உள்ள சிருங்கேரி ஆகிய தலங்களில் மீன்களைப் பக்தர்கள் போற்றிக் காப்பது வழக்கம். அத்தகைய துறைகளையும் தவிர்த்தல் வேண்டும். அணைகளுக்குக் கீழே எச்சரிக்கை ஒலியின் பொருளை அறிந்தபின்னரே நீரில் இறங்க வேண்டும்; நீர்மட்டம் சில நிமிடங்களில் உயரக்கூடும்.

பள்ளி மாணவர்க்குத் தூண்டில் இன்றியே இப்பாடத்தைக் கற்பிக்கலாம். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தட்டு ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அளவுக்கயிற்றில் கட்டிப் பாலத்திலிருந்து நீரில் இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவின் அளவாகும். வெப்பமானியை நூலில் கட்டி நீரின் வெப்பத்தையும் அளக்கலாம். மிதக்கும் இலையொன்று பத்து மீட்டர் கடக்கும் நேரத்தைக் கொண்டு ஓட்டத்தின் வேகத்தையும் கணக்கிடலாம்.

இன்று வாகட் அருகே முளா நகரின் கழிவுநீரையும் சுமந்து செல்கின்றது. சைக்ஸ் மீன்களை ஆராய்ந்த காலத்தில் அந்நீரின் வெப்பமும் தெளிவும் எவ்வாறிருந்தன என்பதற்கு ஒப்பிடத்தக்க அளவுப்பட்டியல் நமக்கு இல்லை. இன்று ஒரு பள்ளி வாரந்தோறும் அளந்து எழுதிவைக்கும் மூன்று எண்கள், வருங்காலத்தில் இவ்வாற்றை ஆராய்பவர்க்கு அக்குறையை நீக்கும்.