மாக்கோழி உணர்த்தும் அறம்

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் கொல்லாமையை விளக்க எழுந்த சமண நூலாகும். இக்கதையையே சோமதேவ சூரி கி.பி. 959-இல் வடமொழியில் யசஸ்திலகமாக இயற்றினார்.

மன்னன் யசோதரன் தீக்கனவு கண்டதாகக் கூற, அன்னை சந்திரமதி தேவிக்குப் பலியிடுமாறு வற்புறுத்துகின்றாள். உயிர்க்கொலைக்கு அவன் உடன்படவில்லை. மாவினால் கோழி செய்து பலியிடலாம் என்றதும் இசைகின்றான். பின்னர் அரசி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் இறக்கின்றனர். மயில், நாய், மீன், முதலை, ஆடு, எருமை, கோழி முதலிய பிறவிகளில் உழல்கின்றனர்.

மாவுருவை வெட்டியதற்கு இத்துணைத் துன்பமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இம்சை இருவகைத்து. உயிரின் உடலை ஊறுபடுத்துவது திரவிய இம்சை. கொல்லும் கருத்தை உள்ளத்தில் கொள்வது பாவ இம்சை. வெட்டுண்டது மாவேயாயினும், கோழி என்று கருதியே வாள் ஓங்கப்பட்டது. வினையைப் பிணித்தது அக்கருத்தே.

இக்காவியத்தில் விலங்குகள் வெறும் உவமைப் பொருள்கள் அல்ல. மயிலாய்ப் பிறந்த மகனை நாயாய்ப் பிறந்த தாயே கவ்விக் கொல்கின்றாள். உறவை உறவென அறியாத அவலம் இது. இதனை உணர்ந்தவர் எவ்வுயிரையும் அயலாகக் கருதார். பலியிடக் கொணரப்பட்ட இளந்துறவியர் அபயருசி, அபயமதி வாயிலாக இவ்வரலாற்றைக் கேட்ட மாரிதத்த மன்னன் பலியைக் கைவிடுகின்றான்.

தமிழகத்தில் விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டு, 2004-இல் நீக்கப்பட்டது. சட்டம் வரும், போகும். மாரிதத்தனை மாற்றியதோ ஆணையன்று. உள்ளத்தில் பிறந்த தெளிவு.

நாம் பலியிடுவதில்லை, புலாலும் உண்பதில்லை. அதனால் நம் கடமை முடிந்துவிட்டதா? சோர்வுற்ற மனத்தால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்பது உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டும் இலக்கணம். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை ஓரறிவுயிர்களாகப் போற்றுவது நம் ஆகமம். நீரை வடிகட்டிப் பருகும் நாம், அந்நீர் தங்கும் ஏரியில் கழிவைக் கொட்டுதல் தகுமோ? எஞ்சிய உணவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருவில் எறிகின்றோம். பசு அப்பையோடு விழுங்குகின்றது. கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. காக்கும் விழிப்பும் இல்லை. அவ்விழிப்பின்மையே பிரமாதம் எனப்படும்.

யசோதர காவியத்தை இல்லத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து பயில்வோமாக. கதையைக் கூறியபின், அன்று நம் வீட்டால் எவ்வுயிர் வருந்தியது என்று அவர்களையே எண்ணிப் பார்க்கச் செய்வோமாக.