காக்கா ஆழியின் சாஸ்திரப் பெயர்

காசிமேட்டிற்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றின்மீது கம்பளம்போற் படர்ந்துள்ள சிறு கருஞ்சிப்பியை மீனவர் ‘காக்கா ஆழி’ என்பர். இவ்வூர்ப்பெயர் நமக்குப் போதும், பிறதேசத்தாருக்கு விளங்காது. இக்குறை நீங்கவே ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-இல் பிராணிகளுக்கெல்லாம் இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் ஜாதியையும் இருசொற்களும் சேர்ந்து இனத்தையும் குறிக்கும்.

இச்சிப்பியின் பெயர் ‘மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா’. இதற்கு ‘ஸ்ட்ரிகேட்டா’ என 1843-இல் பெயரிட்டவர் ஹான்லி என்னும் ஆங்கிலேயர். டார்பினி என்னும் பிரெஞ்சுக்காரர் இட்ட ‘சருவானா’ என்பதும் நெடுநாள் வழங்கிற்று. ஒரு பிராணிக்கு இருபெயர் நேரின் முந்தியதே நிலைக்கும் என்பது விதி. ஆதலின் ஹான்லியின் பெயரே இன்று ஏற்கப்படுகிறது.

பச்சை ஆழியும் இதுவும் ‘மைட்டிலிடே’ என்னும் ஒரே குடும்பத்தன. ஜாதி மட்டும் வேறு. மஞ்சள் மட்டியோ ‘வெனெரிடே’ குடும்பத்தது.

பெயரறிவதால் பயன் யாது? இது அமெரிக்காவின் வெப்பக் கரைகளுக்குரியதென்பதும், 2016-இல் சிங்கப்பூரில் காணப்பட்டதென்பதும், 2019-இல் கொச்சியிலிருந்து அறிவிக்கப்பட்டதென்பதும் அப்பெயராலேயே தெரியவருகின்றன. கப்பலின் அடியிலும் அதன் பாரநீரிலும் இத்தகையவை பரவும். சேற்றை இது மூடிவிட்டால் மட்டியும் இறாலும் இடமிழக்கும். கையால் இறால் தடவிப் பிடிப்போர் பிழைப்பிழப்பர்.

ஆகவே சங்கத்தார் முறையிடுங்கால், இரு ஓடும் பிரியாத சிப்பிகள் சிலவற்றை, எடுத்த இடமும் தேதியும் குறித்து மீன்துறையாரிடம் சேர்ப்பிக்க. பெயர்த்தெடுத்த சிப்பிகளை வேறு நீர்நிலையில் எறியலாகாது. நோயின் பெயரறிந்தே மருத்துவன் மருந்திடுவான். இதற்கும் அம்முறையே பொருந்தும்.