கண்டுபிடிப்புக்கும் பட்டா உண்டு



நிலத்துக்குப் பட்டா எவ்வளவு முக்கியம் என்று கல்வராயன் மலைச் சகோதரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அதேபோல, ஒருவர் யோசித்துச் செய்த புதுக் கருவிக்கும் அரசாங்கம் உரிமை தருகிறது. அதன் பெயர் காப்புரிமை. பேட்டன்ட் என்றும் சொல்வாங்க.

நம்ம பிள்ளைகள் கள்ளக்குறிச்சிக்குப் போய் தமிழ் டைப்ரைட்டிங் படிக்கிறாங்க. தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் ஒரு சின்ன மிஷினுக்குள் அடக்க வழி கண்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் 1886ல் பிறந்து, சிங்கப்பூரில் அலுவலக வேலை பார்த்தவர். தமிழ் மிஷினில் சில விசைகளை அழுத்தினால் புள்ளி விழும், ஆனால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்காரும். யோசனை சின்னதுதான், பலன் பெரிசு!

இன்னொரு கதையும் கேளுங்க. கம்ப்யூட்டரில் கையால் நகர்த்தும் மவுஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் டக்ளஸ் எங்கல்பர்ட். முதல் மவுஸ் வெறும் மரப்பெட்டியும் இரண்டு சக்கரமும்தான். 1967ல் விண்ணப்பித்து 1970ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் உரிமை, அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் கையில் இருந்தது. 1987ல் காலமும் முடிந்தது. மவுஸ் வீட்டுக்கு வீடு வந்தது அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்தவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? புளியங்கொட்டை எடுக்கவோ, மரவள்ளிக் கிழங்கு தோல் சீவவோ நம்ம குழுவில் ஒருத்தி புதுக் கருவி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இவற்றை மறக்கக் கூடாது:

1. விண்ணப்பம் போடும் முன் சந்தையிலோ, கண்காட்சியிலோ, செல்போனிலோ காட்டாதீங்க. ஊருக்குத் தெரிந்துவிட்டால் "புதுசு" என்ற தகுதியே போய்விடலாம்.

2. யார் பெயரில் விண்ணப்பம் என்று முதலில் பேசி எழுதி வையுங்க. யோசித்தவள் பெயர் விடுபடக் கூடாது.

3. கருவி முழுசா முடியாவிட்டாலும் தற்காலிக விவரம் கொடுத்துத் தேதி வாங்கலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் தரணும்.

4. சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம்.

5. நிலப் பட்டா போல இது தலைமுறைக்கும் வராது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். அதற்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வரணும். பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

6. பாட்டி காலத்து மூலிகை வைத்தியத்துக்கு நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. அது எல்லோருக்கும் பொதுச் சொத்து. யாராவது தனக்கே சொந்தம் என்றால் நம்பாதீங்க.

கூட்டத்தில் பேசுவோம்: நம்ம ஊரில் யாராவது புதுக் கருவி செய்து பயன்படுத்துகிறார்களா? அதைச் செய்தது யார்? இன்றே தேதி போட்டு, படம் வரைந்து, சாட்சிக் கையெழுத்தோடு குழு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துவோம். நோட்டு உரிமை தராது. ஆனால் "இது என் யோசனை" என்று சொல்ல அவளுக்கு ஒரு சாட்சி இருக்கும்.